கட்டில் காலுக்கு மஞ்சள்

நூறு நாற்காலி இருக்கிற கடையில் வேலை பார்க்கிறவன் ஒரு நாற்காலியிலும் உட்காரக் கூடாது. எங்கள் கடையின் முதல் சட்டம் அது. காலை எட்டரைக்குக் கதவைத் திறந்தால் மூடுகிற வரை நின்றபடிதான். சோறு தின்பதற்குக்கூடப் பின்கட்டில் மரத்தூள் மேலேதான் உட்கார வேண்டும். முட்டி வலிக்கிறது என்று சொன்னால் முதலாளி ஆதிநாராயணன் சிரிப்பார். "வாங்கறவன் குந்தினா அது புது நாற்காலி, விக்கறவன் குந்தினா பழசுப்பா" என்பார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் திருமலை. திருப்பதி காந்தி ரோட்டில் இருந்த அந்தக் கடையில் பாலீஷ் போடுகிற ஆள். தச்சர்கள் கொண்டு வந்து போடும் கட்டிலையும் பெஞ்சியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன், ஓட்டைக்கு மக்கு வைப்பேன், அரக்கையும் ஸ்பிரிட்டையும் கலந்து பூசுவேன். என் கதையில் அரக்கும் இருமலும் தவிர ஒரு மண்ணும் இல்லை. நான் சொல்ல வந்தது அப்பாவுவின் கதை. அவனைப் பற்றி ஊரில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பேசியவர்களில் ஒருத்தனும் அவனோடு ஒரே அறையில் படுத்தவன் இல்லை. நான் படுத்தேன். அவன் செய்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடைக்கு வியாபாரமே சீர்க் கட்டில்தான். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர்கள் புத்தூரிலிருந்து, நகரியிலிருந்து, சந்திரகிரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அதே தெருவில் இன்னும் இரண்டு கடைகள் இருந்தன. அவர்களிடமும் தேக்கு உண்டு, வேங்கை உண்டு. ஆனாலும் கூட்டம் எங்களிடம்தான் வரும். காரணம் ஒரு வழக்கம். சீர்க் கட்டில் வாசல்படி தாண்டுவதற்கு முன்னால் அதன் நாலு காலுக்கும் மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, "புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தி அனுப்புவார்கள். முதலாளியின் அப்பா காலத்தில் ஏற்பட்டது. அதைச் செய்கிற கை, பெண்டாட்டி உயிரோடு இருக்கிறவன் கையாக இருக்க வேண்டும். பிள்ளை பெற்றவனாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்து, வாயும் இனிப்பாக இருந்தால் அவன்தான் எங்கள் கடையின் விற்பனை ஆள்.

அப்பாவுவுக்கு முன்னால் அந்த வேலையில் வேதாச்சலம் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர். அவர் பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள். முதலாளி மாலை வாங்கிக்கொண்டு போனார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், தோளைப் பிடித்து ஆறுதல் சொன்னார். காரியம் முடிந்து பதினேழாம் நாள் வேதாச்சலம் கடைக்கு வந்தபோது, "இனிமே இந்த வேலை உனக்கு எதுக்குப்பா, மனசுக்குக் கஷ்டம்" என்று அதே ஆறுதல் குரலில் சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டார். மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த மனுஷர் சத்திரத்தில் கூட்டிப் பெருக்கினார். அந்த இடத்துக்குத்தான் அப்பாவு வந்தான். ஆந்திரா தனி ராஜ்யமான வருஷம் அது.

அவனுக்கு ஊர் சத்தியவேடு பக்கம். பெண்டாட்டி செங்கம்மாவும் மகள் வள்ளியும் அங்கேயே இருந்தார்கள். இரண்டு காணி புன்செயை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அமாவாசைக்கு அமாவாசை கடை விடுமுறை. அன்றைக்கு பஸ் ஏறிப் போய்விட்டு மறுநாள் காலை வந்து நிற்பான். ஆள் வாட்டசாட்டம். குரல் மெதுவாக வரும். கட்டிலை ஆட்டிப் பார்க்கிற சம்பந்தியிடம், "நல்லா ஆட்டுங்க, இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டு ஆட்டுங்க, அப்புறம் அது ஆடாது" என்பான். சிரித்துவிடுவார்கள். அவன் மஞ்சள் வைத்த கட்டில் வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் தொட்டில் ஆடும் என்று ஒரு பேச்சு கிளம்பி, "அப்பாவு கையாலதான் வேணும்" என்று கேட்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மஞ்சளுக்கு என்ன தெரியும்? அவனுக்கு நம்பிக்கை இருந்தது. காலையில் குளிக்காமல் மஞ்சள் கிண்ணத்தைத் தொட மாட்டான். "நம்ம கைல இன்னா கீது திருமலை, எல்லாம் அவ தாலி பாக்கியம்" என்பான்.

ஐம்பத்தொன்பது ஐப்பசியில் ஒரு நாள் விடிகாலை அவன் மைத்துனன் வந்து எங்கள் அறைக் கதவைத் தட்டினான். செங்கம்மாவுக்கு வாந்தி பேதி. முதல் நாள் மத்தியானம் ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழவில்லை. சட்டையை மாட்டினான். செருப்பைத் தேடினான். வாசல் வரை போனவன் திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"கடையில சொல்லாத திருமலை."

"இன்னாடா சொல்ற நீ? பொண்டாட்டி செத்துக் கெடக்கறா!"

"மாமியாருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு. வேதாச்சலத்தை நெனச்சுப் பாரு. வள்ளிக்குப் பதினஞ்சு வயசு. இந்த வேலையும் போச்சுன்னா அதை நான் எங்க கொண்டு போய்த் தள்ளுவேன்?"

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டான். சத்தியவேடு அப்போது மெட்ராஸ் ராஜ்யம். எங்களுக்கும் அதற்கும் நடுவே எல்லை. அந்தப் பக்கத்துச் சாவு இந்தப் பக்கம் வந்து சேர வழியில்லை. முகம் வாடியிருப்பதைப் பார்த்து முதலாளி, "மாமியாருக்கு எப்படிப்பா கீது?" என்று கேட்டார். "இப்போ தேவலைங்க" என்றான். பாவி, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு வந்து அடுக்கி வைத்த பெஞ்சிகளுக்கு நடுவே முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினான். நான் உப்புத்தாளை எடுத்து வேண்டுமென்றே கரகரவென்று தேய்த்தேன், சத்தம் முன்னால் கேட்கக் கூடாதென்று.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தலையை மழிக்க வேண்டும். மகன் இல்லாத வீடு, கொள்ளி வைத்தவனே இவன். மீசையும் போக வேண்டும். மொட்டைத் தலையோடு கடைக்கு எப்படி வருவது? வேறு எந்த ஊராக இருந்தாலும் மாட்டிக்கொண்டிருப்பான். திருப்பதியில் மொட்டையைப் பார்த்து யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? தெருவில் பத்துப் பேர் போனால் ஆறு பேர் மொட்டை. "மலைக்கு வேண்டுதல்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் லீவு போட்டுப் போனான்.

ஆனால் மலைக்குப் போனவன் வெறுங்கையோடு வரக் கூடாதே! சாவுத் தீட்டு உள்ளவன் வருஷம் திரும்பும் வரை மலை ஏறக் கூடாது என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அப்பாவு அதை மீற மாட்டான். பொய் சொன்னான், ஏறவில்லை. அதனால் நான் ஏறினேன். ஆமாம், நான்தான். அவன் சத்தியவேட்டில் பெண்டாட்டிக்குப் பிண்டம் வைத்துக்கொண்டிருந்த அன்றைக்கு நான் வயிற்றுவலி என்று கடைக்குச் சொல்லிவிட்டு மலையேறி லட்டு வாங்கி வந்தேன். மறுநாள் காலை அவன் மழித்த தலையோடு கடைக்குள் வந்து அந்த லட்டை முதலாளி கையில் கொடுத்தான். முதலாளி கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்ல தரிசனமா?"

"நல்ல தரிசனங்க."

"உன் சம்சாரம் வரலையா?"

"அவளும் வந்திருந்தாங்க" என்றான். கேட்டுக்கொண்டிருந்த நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இத்தனைக்கும் நான் நம்பிக்கை இல்லாதவன்.

தை பிறந்தது. முகூர்த்த மாசம். கடையில் நிற்க இடமில்லை. சந்திரகிரியிலிருந்து லட்சுமம்மா என்று ஒரு அம்மாள் வந்தாள். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி. புருஷன் போய்ப் பத்து வருஷமாம், இட்லி சுட்டு விற்று ஒரே மகளை வளர்த்திருக்கிறாள். மகள் இந்திராணிக்குக் கல்யாணம். வேங்கைக் கட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். தேர்ந்தெடுத்தாள் என்றால், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து கண்ணால் மட்டும் பார்த்தாள். அப்பாவு, "தொட்டுப் பாரும்மா, வழவழன்னு கீது" என்றான்.

"வாணாம் நைனா. என் கை எதுக்கு? நீ பாத்தாப் போதும்" என்றாள்.

கட்டிலை வாசலுக்குக் கொண்டு வந்தோம். அப்பாவு மஞ்சள் கிண்ணத்தை எடுத்ததும் லட்சுமம்மா விறுவிறுவென்று படி இறங்கித் தெருவைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கப் புங்கமரத்தடியில் நின்றுகொண்டாள். கூட வந்த பங்காளி, "ஏன் அவ்ளோ தூரம் போற? இங்கயே நில்லேன்" என்று கூப்பிட்டார்.

"என் நெழலு கூடப் படக் கூடாது. நீ வை நைனா, நல்லா வாய் நெறைய சொல்லி வை!" என்று அங்கிருந்தே கத்தினாள். நடுவில் வண்டிகளும் யாத்திரைக்காரர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

அப்பாவு குனிந்து நாலு காலுக்கும் மஞ்சள் வைத்தான். செங்கம்மா செத்து மூன்று மாசம். வாழ்த்துச் சொல்லும்போது அவன் குரல் எனக்கே கேட்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. "துன்னுடா" என்று அதட்டினேன். "கை நாறுது" என்றான். கையில் மஞ்சள் வாசனைதான் வந்தது.

ஏப்ரல் முதல் தேதி எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸுக்குப் போயிற்று, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. ஊர்வலம் போனவர்களும் ஒப்பாரி வைத்தவர்களும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். எங்கள் முதலாளிக்கு யோகம். சத்தியவேட்டில் புதிதாக வரும் ஒரு ஆபீசுக்கு மேஜை, நாற்காலி, பெஞ்சி என்று ஒரு லாரி சாமான் எங்களிடம் கேட்டார்கள். வைகாசியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். முதலாளியும் முன்னால் ஏறிக்கொண்டார். மடியில் ஒரு தட்டு. அதில் பூ, குங்குமம், ரவிக்கைத் துண்டு, வெற்றிலை பாக்கு.

"இது எதுக்குங்க?" என்றான் அப்பாவு.

"உன் சம்சாரத்துக்குத்தான்பா. அந்த மகாலட்சுமி ராசிலதான் நம்ம கடை நடக்குது. இவ்ளோ தூரம் போறமே, பார்த்துக் குடுத்துட்டு வரலாம்."

"அவ ஊர்ல இல்லைங்க. திருவிழாவுக்குன்னு அவங்க அக்கா ஊருக்குப் போயிருக்கா."

"பரவால்ல. உன் பொண்ணு கைல குடுத்துட்டுப் போறேன்."

அதற்கு மேல் அவன் என்ன சொல்ல முடியும்? சாமான்களை இறக்கி முடித்ததும் முதலாளி வழி கேட்டுக்கொண்டே, அம்மா போனதிலிருந்து வள்ளி இருந்த மைத்துனன் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். வள்ளிதான் வெளியே வந்தாள். இடுப்பில் தண்ணீர்க் குடம். ஒல்லியான பெண், அம்மாவின் பழைய புடவையைச் சுற்றியிருந்தது. அதற்கு ஒன்றும் தெரியாது. பெற்ற மகளிடம் போய், உன் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று சொல் என எந்தத் தகப்பன் சொல்வான்?

"உங்கம்மா வந்தா இதைக் குடும்மா" என்று முதலாளி தட்டை நீட்டினார்.

பெண் குடத்தை இறக்கிவிட்டு அப்பனைப் பார்த்தது. பிறகு தட்டில் இருந்த குங்குமத்தைப் பார்த்தது. "அம்மா ஐப்பசிலயே செத்துட்டாங்களே" என்றது.

முதலாளி தட்டைக் கீழே வைக்கவில்லை. அப்படியே திரும்பி லாரிக்கு நடந்தார். லாரி நாகலாபுரம் தாண்டியது. தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இதுவரைக்கும் எத்தனை கட்டிலு?"

"இருபத்தொண்ணுங்க" என்றான் அப்பாவு. எண்ணி வைத்திருந்தான்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பாவு கும்பிட்டான். "தப்புதாங்க. என்னை முன்னால நிக்க வைக்காதீங்க. பின்னால மூட்டை தூக்கறேன், பெஞ்சி தூக்கறேன், எதுனாலும் செய்யறேன். மஞ்ச மட்டும் வாணாங்க."

"அதெப்படிரா?" என்றார் முதலாளி. அவர் 'ரா' போட்டால் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். "திடீர்னு நீ வைக்கலைன்னா ஏன் வைக்கலைன்னு கேப்பாங்க. உன்னை அனுப்பினாலும் கேப்பாங்க. இருபத்தோரு ஊட்டுக்காரனும் கட்டிலைத் தூக்கினு வந்து என் வாசல்ல போடுவான். நீதான் வைக்கணும். சிரிச்சினு வைக்கணும். கடையைப் பொறுத்த வரைக்கும் உன் பொண்டாட்டி உயிரோடதான் கீறா."

வழியில் ஒரு பாலத்தின் மேல் லாரியை நிறுத்தச் சொல்லி, தட்டிலிருந்த பூவையும் குங்குமத்தையும் கீழே கொட்டினார். ரவிக்கைத் துண்டை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து அப்பாவு பேச்சுக் குறைந்த ஆளாகிவிட்டான். கடையில் சிரிப்பான், அது வேலை. அறைக்கு வந்தால் சுவரைப் பார்த்தபடி கிடப்பான். சந்தையில், பஸ் ஸ்டாண்டில், எங்கே புத்தூர்க்காரனைப் பார்த்தாலும் நகரிக்காரனைப் பார்த்தாலும், "அந்தக் கட்டில் வாங்கினு போனாங்களே, அந்தப் பொண்ணு நல்லாக் கீதா?" என்று விசாரிப்பான். நல்லா இருக்கு என்று சொன்னால் முகம் கொஞ்சம் தெளியும். "உனக்குப் பைத்தியம்டா, மஞ்சளுக்கு என்ன தெரியும்" என்று நான் கத்துவேன். "உனக்கென்ன, நீ கட்டைப் பிரம்மச்சாரி" என்று முடித்துவிடுவான்.

கார்த்திகையில் லட்சுமம்மா சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்தாள். இந்திராணிக்கு ஆண் குழந்தை. "உன் கைராசி நைனா, உன் கைராசி!" என்று சொல்லிச் சொல்லி அவன் வாயில் அவளே சர்க்கரையைப் போட்டாள். கடைந்த கால் வைத்த மரத்தொட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு அப்பாவு அறையில் பாட்டுப் பாடினான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்கழி முடிவதற்குள் அந்தத் தொட்டில் திரும்பி வந்துவிட்டது. மாட்டுவண்டியில் லட்சுமம்மா மட்டும் வந்தாள். குழந்தைக்கு ஜன்னி கண்டதாம், பிறந்து இருபத்தெட்டு நாள்தான் இருந்ததாம். "ஊட்ல வச்சினு இருந்தா பொண்ணு அதையே பாத்துனு குந்தினு கீறா. காசு வாணாம் நைனா, இங்கயே எங்கனா போட்டுடு" என்றாள். அப்பாவு அதைத் தூக்கி வந்து என் பக்கத்தில் வைத்தான். தொட்டிலின் ஒரு மூலையில் கண்மை ஈஷியிருந்தது. தேய்த்துப் பாலீஷ் போட்டு முன்னால் வை என்றார் முதலாளி. தேய்த்தேன். போட்டேன். பொங்கல் முடிந்ததும் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதற்கடுத்து வந்த மாசியில் வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தடா பக்கம் மாப்பிள்ளை, விவசாயக் குடும்பம், சீராகக் கட்டில் ஒன்று கேட்டிருந்தார்கள். முதலாளி தன் கணக்கில் ஒரு வேங்கைக் கட்டில் தருவதாகச் சொன்னார். உள்ளபடியே தாராள மனசா, வாயை அடைக்கவா என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது. கட்டில் போக வேண்டிய நாளில் கடை நிறையப் புத்தூர்க் கல்யாணக் கூட்டம். முதலாளி குஷியாகிவிட்டார்.

"பாருங்க, எத்தனையோ பொண்ணுங்க வாழ்றது இவன் கைலதான். இன்னிக்கு இவன் பொண்ணுக்கே வைக்கப் போறான். வாப்பா அப்பாவு!" என்று மஞ்சள் கிண்ணத்தை நீட்டினார்.

"வேற யாராச்சும் வைக்கட்டுங்க" என்றான் அப்பாவு மெதுவாக.

"வை" என்றார், சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு.

கிண்ணத்தை வாங்கினான். கட்டில் பக்கத்தில் போய்க் குனிந்தான். விரலை மஞ்சளில் தோய்த்தான். காலுக்கும் விரலுக்கும் ஒரு சாண் இருக்கும்போது கை நின்றுவிட்டது. எழுந்தான். பக்கத்தில் விற்பனைக்கு இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஏழு வருஷத்தில் அவன் அந்தக் கடையில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என் கை படக் கூடாதுங்க. நான் பொண்டாட்டி செத்தவன். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றான்.

புத்தூர்க்காரர்களில் ஒரு பெரியம்மா, "இன்னா சொல்றான் இவன்?" என்றாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவர் எல்லாருக்கும் கேட்கத் தெலுங்கிலும் திருப்பிச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் கடை காலி. முதலாளி அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி வாசலில் தள்ளினார். கட்டிலை உள்ளே இழுத்துப் போடச் சொன்னார். இழுத்துப் போட்டது நான்தான்.

மத்தியானம் அறைக்குப் போய் எனக்கு இருந்த ஆத்திரத்தையெல்லாம் அவன் மேல் கொட்டினேன். "ஊரான் பொண்ணுங்களுக்கு வச்சப்போ இந்தக் கை எங்கடா போச்சு? உன் பொண்ணுன்னதும் நடுங்குதா?" என்றேன்.

"ஆமா திருமலை. அதான்" என்றான்.

வள்ளி கல்யாணம் நடந்தது. கட்டில் இல்லை, பாய்தான். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். அப்பாவு தடாவில் ஒரு உப்பு மண்டியில் மூட்டை தூக்கினான், நாலைந்து வருஷத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டான். எங்கள் வாசலில் ஒன்பது கட்டில்கள் திரும்பி வந்து விழுந்தன, முதலாளி மஞ்சள் வழக்கத்தையே நிறுத்திவிட்டார். இதெல்லாம் பிறகு நடந்தவை. எனக்கு மறக்காதது, அவன் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு மறுநாள் காலையில் நடந்ததுதான்.

மறுநாள் காலை அவன் தூக்குச்சட்டியும் துண்டும் கடைக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. கடைப் படி ஏற அவனுக்கு உரிமை இல்லை. எதிர்ப்பக்கப் புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். நான் இரண்டையும் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். அதற்குள் லட்சுமம்மா வந்துவிட்டாள். சந்திரகிரி வரை பேச்சு எட்டிவிட்டது. நடந்தே வந்திருக்கிறாள், காலெல்லாம் புழுதி. அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்து நான் நடுவே போய் நின்றேன். அவள் என்னை விலக்கிவிட்டாள்.

"நைனா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். போன வருஷம் தை மாசம் நான் கட்டில் வாங்க வந்தேனே, அப்போ உன் பொண்டாட்டி இருந்தாளா?"

இருந்தாள் என்று சொல்லிவிடுடா என்று மனசுக்குள் கதறினேன். இத்தனை பொய் சொன்ன வாய்தானே! தேதி அவளுக்குத் தெரியாது.

"இல்லம்மா. போயி மூணு மாசம் ஆயிருந்துது" என்றான் அப்பாவு.

அவள் கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கக் கடை வாசலையே பார்த்தாள். வெறும் படிதான் இருந்தது. பிறகு தன் காலுக்குக் கீழே, அந்த மரத்தடி மண்ணைப் பார்த்தாள்.

"அவளைப் பெத்தவ நானு. ஒரு தபா அந்தக் கட்டிலைத் தொட்டுப் பாக்கணும்னு அவ்ளோ ஆசை எனக்கு. தொடக் கூடாதுன்னு இங்கதான் வந்து நின்னேன்" என்றாள்.

அப்பாவு அவள் காலில் விழப் போனான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். வந்த வழியே சந்திரகிரி ரோட்டில் நடந்து போனாள்.